அப்பாவோடு ஊர் ஊராக மேட்ச் பார்க்கப் போகிறேன், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், மதுரையில் இருந்து எழுதுகிறேன். அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கமெண்டரி கேட்டே வளர்ந்த ஆள். 1986 சேப்பாக்கம் டெஸ்ட் டை ஆனபோது டீக்கடை வாசலில் நின்று கேட்டதையும், மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ என்றதும் கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு வெளியே வந்ததையும் யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்துச் சொல்வார். ஆனால் சேப்பாக்கத்தைத் தவிர வேறு ஊர் மைதானம் எதையும் அவர் பார்த்ததில்லை. எனக்கு வேலை வீட்டிலிருந்துதான், லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கேயும் உட்காரலாம். அதனால் வரும் அக்டோபரில் இருந்து மார்ச் வரை, மாதத்துக்கு ஒரு ஊர் என்று அவரை அழைத்துக்கொண்டு நாடு முழுக்கப் போய் மேட்ச் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

ரயில் மட்டும்தான், விமானம் ஏற மாட்டேன் என்கிறார். கிரிக்கெட்தான் வேண்டும் என்றில்லை, ஃபுட்பால், ஹாக்கி எதுவானாலும் சரி. ஐபிஎல் மட்டும் வேண்டாமாம், அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் காது போய்விடும் என்கிறார். எந்த ஊர் கட்டாயம் போக வேண்டும், டிக்கெட் எப்படிக் கிடைக்கும், அறுபது தாண்டியவர் நாள் முழுக்க காலரியில் உட்கார்ந்தால் தாங்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜே_ஸ்டாண்ட் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. டெஸ்டுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கவலைப்படாதீர்கள், ரயிலில் லோயர் பெர்த் கிடைக்குமா என்று கவலைப்படுங்கள். டெஸ்ட் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும், ஆனால் டிக்கெட் விற்பனை பெரும்பாலும் ஆட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போதுதான் திறக்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரில் இருந்து 60 நாள் ஆகிவிட்டது, முன்பு 120. ஆக, மேட்ச் டிக்கெட் கையில் இல்லாமலே ரயில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். பயப்பட வேண்டாம், சனி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் டெஸ்டுக்கு இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்தது திரும்பி வரும் தேதி. எல்லோரும் ஐந்து நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். 2024 மார்ச்சில் தர்மசாலா டெஸ்ட், அஸ்வினுக்கு நூறாவது, ஆண்டர்சனுக்கு 700-வது விக்கெட், மூன்று நாளில் முடிந்தது. 2025 அக்டோபரில் அகமதாபாத்தில் வெஸ்ட் இண்டீஸ், மூன்று நாள். அதே வருஷம் நவம்பரில் கொல்கத்தா ஈடனில் தென்னாப்பிரிக்கா, 124 அடித்தால் போதும் என்ற நிலையில் நம்மவர்கள் 93-க்குச் சுருண்டு மூன்றாவது நாளே கதை முடிந்தது. சரி, எல்லாமே இப்படித்தான் என்று மூன்றாம் நாள் ராத்திரிக்கு ரயில் போட்டால், அடுத்த வாரமே கவுஹாத்தி டெஸ்ட் ஐந்தாவது நாள் வரை போனது. கான்பூரில் 2024-ல் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒரு பந்துகூட வீசவில்லை, அப்படியும் ஐந்தாம் நாள் இந்தியா ஜெயித்தது. அதனால் ஆறாம் நாளுக்கு டிக்கெட் போடுங்கள், மிச்சமாகும் நாட்களில் ஊரைப் பாருங்கள். மேட்சை மட்டும் நம்பிப் போக வேண்டியிராத ஊர்களாகப் பார்த்து எடுப்பதுதான் இதில் சாமர்த்தியம். தர்மசாலாவில் மேட்ச் முடிந்துவிட்டால் மெக்லியோட்கஞ்ச் இருக்கிறது, தலைக்கு மேலே தவுலாதர் மலையில் பனி இருக்கிறது. புனேயில் மைதானம் ஊருக்கு வெளியே ககுஞ்சேயில், எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில். ஆட்டம் இல்லை என்றால் அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது.

என்னைக் கேட்டால் முதல் ஊர் கொல்கத்தா. சென்னையில் ஹவுரா மெயில் ஏறினால் மறுநாள் இரவு ஹவுரா. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, ஸ்டேஷன் எதிரிலேயே படகுத்துறை, அங்கிருந்து ஹூக்ளியில் படகேறி பாபுகாட்டில் இறங்கினால் ஈடன் நடக்கிற தூரம். படகில் போய் டெஸ்ட் மேட்ச் பார்க்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? 1864-ல் தொடங்கிய மைதானம், 2001-ல் லக்ஷ்மணும் டிராவிடும் ஒரு நாள் முழுக்க விக்கெட் விழாமல் ஆடிய இடம். அப்பா அதை ரேடியோவில் கேட்டிருப்பார், விட்டால் ஓவர் ஓவராகச் சொல்லுவார். நவம்பர், டிசம்பரில் அங்கே வெயிலும் கடிக்காது.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆடுகளம் பொதுவாக வடக்கு தெற்காகத்தான் இருக்கும். பந்து ஆடுவதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் வடக்கு அல்லது தெற்கு முனை. நிழல் வேண்டும் என்றால் மேற்குப் பக்க ஸ்டாண்ட், மத்தியானத்துக்கு மேல் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிழக்குப் பக்கம் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் சாயங்காலம் முகத்தில் அடிக்கும். டிக்கெட் எடுக்கும்போது மேப்பில் மைதானத்தைத் திறந்து திசை பார்த்துக்கொள்ளுங்கள். கூரை இருக்கிறதா என்பதையும் படத்தில் பாருங்கள், எல்லா மைதானத்திலும் இருக்காது.

கவுஹாத்தியில் மறுபடி டெஸ்ட் வந்தால் விடாதீர்கள். அங்கே சூரியன் சீக்கிரம் போய்விடும், அதனால் 2025-ல் ஒன்பது மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கி, முதலில் டீ, அப்புறம் லஞ்ச் என்று மாற்றி வைத்தார்கள். நம் ஆட்கள் சமோசா வாங்குவதா சாப்பாடு வாங்குவதா என்று தெரியாமல் முழித்தது தனிக் கதை. அந்த டெஸ்டில் தமிழ் வம்சாவளிக்காரர் செனுரன் முத்துசாமி தென்னாப்பிரிக்காவுக்கு 109 அடித்தார். ஹவுராவில் மாலை சராய்காட் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் கவுஹாத்தி, கொல்கத்தாவோடு சேர்த்தே போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஆன்லைனில் எடுத்தாலும் சில மைதானங்களில் கவுண்டரில் போய் காகித டிக்கெட்டாக மாற்றித்தான் உள்ளே விடுவார்கள். அந்த கவுண்டர் மைதானத்திலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள், முதல் நாளே விசாரித்துப் போய் வாங்கிவிடுங்கள். ஆட்டம் அன்று காலை அப்பாவை அந்த வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

சால்ட்லேக்_சாமி எழுதியது:

ஜே ஸ்டாண்ட் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஐந்து நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாம் நாள் முடிந்துபோவதற்கு, தொண்ணூறு நிமிஷத்தில் உயிர் போய் உயிர் வருகிற ஆட்டம் ஒன்று அதே ஊரில் இருக்கிறது.

மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் டெர்பி, அதாவது ஒரே ஊர் ஃபுட்பால் கிளப் இரண்டும் மோதுகிற ஆட்டம். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர். பூட்டியா ஹாட்ரிக், ஈஸ்ட் பெங்கால் 4-1. இப்போது எல்லா இடத்திலும் இருக்கை போட்டுவிட்டதால் அதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் உட்கார முடியும், இருந்தாலும் போதும், காது அடைத்துவிடும் (ஐபிஎல் ஸ்பீக்கர் சத்தம் வேறு, இது தொண்டைச் சத்தம், அப்பாவுக்குப் பிடிக்கும்). ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால், அன்று ராத்திரி சந்தையில் எது விலை ஏறுகிறது என்று பார்த்தாலே ரிசல்ட் தெரியும் என்பார்கள். முன்பெல்லாம் ஹவுராவில் இருந்து சால்ட் லேக் போவது பெரிய பாடு, 2025 ஆகஸ்டில் இருந்து ஆற்றுக்கு அடியில் ஓடுகிற மெட்ரோவே நேராக சால்ட் லேக் ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது.

இந்த இரண்டு கூட்டமும் எப்போதும் அடித்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் ஆர்ஜி கர் மருத்துவமனை டாக்டர் கொலையை ஒட்டி ஊரே கொந்தளித்தபோது, டூரண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்தார்கள். ஆட்டம் நடந்திருக்க வேண்டிய அன்று இரண்டு கிளப் ரசிகர்களும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஒன்றாக மைதானத்து வாசலில் வந்து நீதி கேட்டார்கள். அதை டிவியில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே சிக்கல், தேதி. ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக் அட்டவணையை நம்பி எதையும் முன்கூட்டிப் போடாதீர்கள். 2025-26 சீசன் எப்போது தொடங்கும் என்றே மாதக்கணக்கில் தெரியாமல் கிடந்தது. டூரண்ட் கோப்பை என்றால் ஜூலை, ஆகஸ்டு, நீங்கள் சொல்கிற மாதங்களில் வராது. முடிந்தால் பயணத்தை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்.

காலில் பலம் இருந்தால் ஐஸ்வால். 2016-17-ல் ஐ-லீக் ஜெயித்த ஊர், அதற்கு முந்தைய சீசனில் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய அணி. 2025 செப்டம்பரில் ஐஸ்வாலுக்குப் பக்கத்தில் சாய்ராங் வரை ரயில் வந்துவிட்டது, விமானம் ஏறாதவருக்கு அது பெரிய விஷயம். மிசோரம் போக உள்நுழைவு அனுமதி வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மலைச்சரிவில் மைதானம், சுற்றி வீடுகள், மாடியில் நின்று பார்ப்பார்கள். ஆனால் எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சோபாவே_சுகம் எழுதியது:

நல்லா இருக்கு சார் திட்டம். ஆனா ஒரு கேள்வி, ரீப்ளே இல்லாம, நோ பாலா இல்லையான்னு தெரியாம, பக்கத்து ஆள் தலையைப் பார்த்துட்டு வர இவ்வளவு செலவா? வீட்ல ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தா அப்பா ஆயுசுக்கும் பார்ப்பாரே.

வைகைக்கரை எழுதியது:

டிவி ஏற்கெனவே இருக்கிறது சார், அதுவும் பெரிசுதான். சத்தத்தை அணைத்துவிட்டு பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொள்கிறார். ரேடியோ கொஞ்சம் முன்னால் போகிறது, டிவி பின்னால் வருகிறது, விக்கெட் விழுவதை அவர் சொன்ன பிறகு நாங்கள் பார்க்கிறோம். வீட்டில் பெரிய ரகளை.

கோவில்பட்டி_டர்ஃப் எழுதியது:

மதுரைக்காரர் ஹாக்கி பார்க்க எங்கே போவது என்று கேட்கலாமா? 2025 கடைசியில் உங்கள் ரேஸ்கோர்ஸிலேயே ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது, அனுமதி இலவசம். அப்பாவை ஏன் கூட்டிப்போகவில்லை?

சரி, போகட்டும். முதலில் எங்கள் ஊருக்கு வாங்க. மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை அகில இந்திய ஹாக்கி நடக்கும், நாடு முழுவதும் இருந்து பெரிய டீம்கள் வரும். சாயங்காலம் வேலை முடிந்து கடைக்காரர், மில் தொழிலாளி, பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோரும் காலரிக்கு வந்துவிடுவார்கள். எங்கள் பாட்டிக்கே பெனால்டி கார்னர் எப்படி எடுக்கிறார்கள் என்பது தெரியும். உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. வரும்போது கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒடிசாவில் ரூர்கேலா. 2023 உலகக் கோப்பைக்காகக் கட்டிய பிர்சா முண்டா மைதானம், இருபதாயிரத்துக்குச் சற்று மேல் இருக்கை, முழுக்க இருக்கை போட்ட ஹாக்கி மைதானங்களில் உலகத்திலேயே பெரியது என்று கின்னஸ் சொன்னது. ஆனால் நான் போகச் சொல்வது மைதானத்துக்காக இல்லை. அந்த சுந்தர்கர் மாவட்டம் முழுக்க ஹாக்கிதான். இந்தியாவுக்கு ஆடிய திலீப் டிர்க்கியும் அமித் ரோஹிதாஸும் ஒரே ஊர், சௌனாமாரா. கிராமங்களில் போட்டி வைத்து ஜெயித்த டீமுக்கு ஆட்டுக்கிடா பரிசு கொடுப்பார்கள், கோப்பை எல்லாம் அப்புறம்தான். அந்த மாதிரி ஊரில் இருந்து வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடு சேர்ந்து இந்தியா ஆடுவதைப் பார்ப்பது வேறு. டெல்லியிலோ மும்பையிலோ கைதட்டல் கோலுக்குத்தான் வரும், இங்கே ஒரு நல்ல டேக்கிளுக்கே எழுந்து நிற்பார்கள்.

ஆட்டம் மொத்தம் அறுபது நிமிஷம், பதினைந்து பதினைந்தாக நான்கு பகுதி. இடைவெளி, ரிவியூ எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம். அப்பாவின் முதுகுக்கு நல்லது. ஆலப்புழா தன்பாத் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாக ரூர்கேலா போகிறது, அதில் ஏறிவிட்டால் அப்புறம் வண்டி மாற வேண்டாம். ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மறுபடி உயிர் பெற்றது. மைதானங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, அட்டவணை வந்த பிறகு பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அப்போதுதான் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் அண்ணா. வீட்டில் இருந்தபடியே ரேஸ்கோர்ஸ் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டு இருந்தார். மே மாதம் கோவில்பட்டி கட்டாயம் வருகிறோம்.

நெருல்_லோக்கல் எழுதியது:

மைதானங்களைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், வயதானவரைக் கூட்டிப்போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2025 நவம்பர் 2, பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனலுக்கு நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்துக்கு நான் அம்மாவோடு போயிருந்தேன். மூன்று மணி ஆட்டம் மழையால் ஐந்து மணிக்குத் தொடங்கி, தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட் எடுத்துக் கோப்பை கையில் வரும்போது நள்ளிரவு. இவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் இருப்பது பக்கத்திலேயே, நடந்து வந்துவிட்டோம். தாதர், தானே போக வேண்டியவர்கள் கடைசி ரயிலுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். அதனால் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் எந்த மேட்சுக்கும் ரூமை நடக்கிற தூரத்தில் எடுங்கள், ஐநூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை.

டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் மேல் அடுக்கைக் கேட்பார்கள், வியூ நன்றாக இருக்கும் என்று. படி செங்குத்தாக இருக்கும், பல இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது, கழிவறை போக ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்க வேண்டும். கீழ் அடுக்கில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். பையை உள்ளே விட மாட்டார்கள், தண்ணீர் பாட்டில், பவர்பேங்க், சில இடங்களில் சில்லறைக் காசுகூடக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைதானத்தில் அம்மாவின் பிஸ்கட்டை வாங்கிப் போட்டுவிட்டார்கள், சீட்டைக் காட்டிய பிறகு மாத்திரையை மட்டும் விட்டார்கள். அதிலிருந்து உள்ளே போனதும் முதல் வேலை, சாப்பாட்டுக் கடை எங்கே என்று பார்த்து வைப்பதுதான்.

கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 1980-ல் ஈடனில் டெர்பி பார்க்கப் போன பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. 2025 ஜூன் 4, சின்னசாமி மைதானத்து வாசலில் பதினொரு பேர் செத்தார்கள், அன்று அங்கே மேட்ச்கூட இல்லை, வெற்றிக் கொண்டாட்டம். ஆபத்து பெரும்பாலும் வாசலில்தான், காலரியில் இல்லை. கேட் திறந்ததும் போய்விடுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். இலவச அனுமதி, வெற்றி ஊர்வலம், கப் ஊர்வலம் என்று எதிலும் அப்பாவை நிறுத்தாதீர்கள்.

பெண்கள் ஆட்டங்களையும் பட்டியலில் சேருங்கள். அந்த உலகக் கோப்பை லீக் ஆட்டங்களுக்கு டிக்கெட் நூறு ரூபாயில் தொடங்கியது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338-ஐத் துரத்தி ஜெமிமா 127 அடித்து நின்றதை அவ்வளவு அருகில் இருந்து பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். (ஃபைனலுக்கு மட்டும் பிளாக்கில் கேட்ட விலையை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவார்.)

நத்தம்_பெவிலியன் எழுதியது:

ஈடன், ரூர்கேலா எல்லாம் போங்கள், நல்லது. ஆனால் முதல் பயணமே ஆயிரம் மைல் வேண்டாம். அப்பாவால் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, என்ன சாப்பிடுகிறார், வெயில் தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு ரஞ்சி மேட்ச் போதும். நத்தம் காலேஜ் மைதானம் உங்களுக்குப் பக்கம். கோவை, சேலத்திலும் தமிழ்நாடு ஆடும். பெரும்பாலும் டிக்கெட்டே இல்லை, கேட்டைத் திறந்து உள்ளே போய் மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். இப்போது சீசனை இரண்டாக உடைத்து அக்டோபர் நவம்பரில் பாதி, ஜனவரிக்கு மேல் பாதி நடத்துகிறார்கள், உங்கள் மாதங்களுக்குள் சரியாக வரும்.

ரேடியோ கேட்டு வளர்ந்தவருக்கு ரஞ்சி பிடிக்கும் என்பது என் நம்பிக்கை. கூட்டம் இல்லாததால் எல்லாமே காதில் விழும். மட்டையில் நடுவில் பட்டதா விளிம்பில் பட்டதா என்பது சத்தத்திலேயே தெரியும். கீப்பர் தமிழில் ஸ்பின்னரிடம் என்ன சொல்கிறார் என்பதுகூடக் கேட்கும், அதை இங்கே எழுத முடியாது. உள்ளூர் ஆட்டம் என்றால் சுவாரசியம் குறைவு என்று நினைக்காதீர்கள். 2025 அரையிறுதியில் குஜராத்தின் கடைசி விக்கெட்டில், அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி சச்சின் பேபி கைக்குப் போனது, கேரளாவுக்கு முதல் இன்னிங்ஸில் இரண்டே ரன் முன்னிலை, ஆட்டம் டிரா ஆனதால் அதை வைத்தே முதல் தடவையாக ஃபைனல் போனார்கள். 1,32,000 பேர் உட்காரக்கூடிய அகமதாபாத் மைதானத்தில் அதை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதே சீசனில் கோலி டெல்லிக்காக ஆட வந்தபோது மட்டும் இலவச வாசலில் தள்ளுமுள்ளு, ஆறு ரன்னில் போல்டு ஆனதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

தண்ணீர், சாப்பாடு, பாய், குடை எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். ரேடியோவும் கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அக்டோபரில் நத்தம், நவம்பர் டிசம்பரில் எந்த ஊருக்கு டெஸ்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து அது, ஈடனாக இருந்தால் ஹவுராவில் படகு கட்டாயம் என்கிறார். ஜனவரியில் ஹாக்கி லீக். ஐஸ்வால் படிக்கட்டு என்றதும் முகம் மாறிவிட்டது, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோபா சாருக்கு அவர் ஒரு பதில் சொன்னார், இங்கே போட்டால் அட்மின் நீக்கிவிடுவார்.

ஒரே சந்தேகம். ஜே ஸ்டாண்ட் அண்ணன் முதல் வரியிலேயே சொன்ன லோயர் பெர்த். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே டிக்கெட்டில் போட்டுப் பார்த்தால் முதியோர் கோட்டாவைக் காட்டவே மாட்டேன் என்கிறது. சலுகைக் கட்டணமும் வரவில்லை.

ஜே_ஸ்டாண்ட் எழுதியது:

கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள் தம்பி, அதை மறந்துவிடுங்கள். கோட்டா மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. தனியாகவோ, அந்த வயதுள்ள இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் கிடைக்கும். உங்கள் வயதில் ஒருவரைச் சேர்த்தால் கோட்டா போச்சு. அப்பாவுக்கு அந்தக் கோட்டாவில் தனி டிக்கெட், உங்களுக்குப் பொதுவில் தனி டிக்கெட், அதே வகுப்பில் எடுங்கள். கோச் வேறாக விழுந்தால் ஏறியதும் டிடிஇயிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரையாவது கேட்டு மாற்றிக்கொள்ளலாம், அப்பாவோடு போகிறேன் என்றால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். முன்பதிவு திறக்கிற நாள் காலை எட்டு மணிக்கு முன்னால் லாகின் செய்து தயாராக உட்காருங்கள், ஹவுரா மெயிலுக்கு எட்டேகால் என்பது லேட். மதுரையில் இருந்து சென்னை வருகிற ரயிலுக்கும் இதே கணக்குதான், அதையும் தனியாகப் போட்டுவிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் அரை நாளாவது இருக்கட்டும்.